நீ படித்த நூலை யாரிடம் கொடுத்தாய்?



நூலகத்திலிருந்து வரும் மாணவரிடம் பெரியவர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பார்கள்: "இதுவரை எத்தனை நூல்கள் படித்திருக்கிறாய்?" பத்து என்றால் பாராட்டுவார்கள்; நூறு என்றால் வியந்து போவார்கள். இக்கேள்வியில் தவறு ஒன்றும் இல்லை. ஆயினும் இதைவிடப் பயனுள்ள வேறொரு கேள்வி உண்டு என்பது என் கருத்து. "நீ படித்த நூலை அடுத்து யாரிடம் கொடுத்தாய்?" என்பதே அது. பாலக்காட்டின் எல்லையோர ஊர்களிலும் இடுக்கியின் மலைத்தோட்டங்களிலும் தமிழ் பேசி வளரும் நமக்கு இந்த இரண்டாவது கேள்வியே மிகவும் தேவையானது. அதற்கான காரணங்களை இங்கே கூறுகிறேன்.

முதலில் நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் தமிழ் பேசுகிறோம். கடைத்தெருவிலும் அலுவலகங்களிலும் மலையாளம் கேட்கிறோம். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கற்கிறோம். தமிழோ விருப்பப் பாடமாக, வாரத்தில் சில பாடவேளைகளுக்கு மட்டும் நம்மிடம் வருகிறது. இதனால் நம்மில் பலருக்குத் தமிழ் காதுக்குப் பழகிய மொழியாக இருக்கிறது. கண்ணுக்குப் பழகிய மொழியாக இல்லை. பேசும்போது தடுமாறாத நாம் படிக்கும்போது தடுமாறுகிறோம். "பேசத் தெரிந்தால் போதாதா? படிக்கவும் வேண்டுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நானும் சிறுவயதில் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணம் மாறிய நாள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

என் பாட்டி சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூரிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலைக்காக மலையேறி வந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். ஊரிலிருந்து கடிதம் வந்தால் அதைப் படித்துக் காட்டுவது என் பொறுப்பு. ஒரு நாள் வந்த கடிதத்தின் கையெழுத்து நெருக்கமாக இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்த நான், புரியாத இரண்டு வரிகளைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். "அவ்வளவுதானா?" என்று பாட்டி கேட்டார். "அவ்வளவுதான்" என்றேன். பாட்டியின் அக்கா உடல்நலம் குன்றியிருக்கிறார், தங்கையைப் பார்க்க விரும்புகிறார் என்ற செய்தி அந்த இரண்டு வரிகளில் இருந்தது. பத்து நாள் கழித்து ஊரிலிருந்து வந்த உறவினர் சொல்லித்தான் பாட்டிக்கு அது தெரிந்தது. உடனே புறப்பட்டுச் சென்றார். நல்லவேளையாக அக்காவைப் பார்த்தும் விட்டார். திரும்பி வந்தபின் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அடுத்த கடிதம் வந்தபோது அதை என்னிடம் தராமல், பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொண்டுபோனார். எந்தத் தண்டனையும் அதுபோல் என்னை வருத்தியதில்லை.

அந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அட்டை கிழிந்த நாட்டுப்புறக் கதைத் தொகுதி ஒன்றை என் கையில் கொடுத்து, "தம்பி, நாளுக்கு ஒரு பக்கம் பாட்டிக்குப் படித்துக் காட்டு. முடித்தபின் என்னிடம் திருப்பித் தராதே, படிக்கத் தடுமாறும் இன்னொருவருக்குக் கொடு" என்றார். அவ்வாறே செய்தேன். முதல் வாரம் ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆயிற்று. நான் தவறாக உச்சரித்த சொற்களைப் பாட்டி திருத்தினார். எழுத்து அறியாதவர் என் ஆசிரியரானார். மழைக்காலம் முடிவதற்குள் ஊர்க் கடிதம் மீண்டும் என் கைக்கு வந்தது.

நூல் கைமாறும்போது என்ன நிகழும் என்பதற்கு நம் இடுக்கி மாவட்டத்திலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. மூணாற்றுக்கு அப்பால், காட்டின் நடுவே அமைந்தது இடமலைக்குடி. முதுவர் எனப்படும் பழங்குடி மக்கள் வாழும் இப்பகுதி, 2010ஆம் ஆண்டில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. அங்குள்ள குடிகளுள் ஒன்று இருப்புக்கல்லுக்குடி. அங்கே பி.வி. சின்னத்தம்பி என்னும் முதியவர் சிறிய தேநீர்க்கடை ஒன்றை நடத்தினார். அக்கடையே நூலகமாகவும் விளங்கியது. 2014ஆம் ஆண்டில் பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டுவழியே நடந்து அங்குச் சென்றார். அப்போது சின்னத்தம்பிக்கு வயது 73. சாக்குப் பைகளில் வைத்திருந்த 160 நூல்களை அவர் எடுத்துக் காட்டினார். உறுப்பினராகச் சேர 25 ரூபாய். மாதச் சந்தா 2 ரூபாய். நூல் இரவல் பெறத் தனிக்கட்டணம் இல்லை. மலையேறிக் களைத்து வருபவருக்குப் பால் சேர்க்காத தேநீர் இலவசம். யார், எந்த நூலை, எந்த நாளில் எடுத்தார் என்பதை ஒரு பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்.

அங்கிருந்த நூல்கள் பொழுதுபோக்குக்காக மட்டும் சேர்த்தவை அல்ல. வைக்கம் முகம்மது பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர் போன்ற பெரும் எழுத்தாளர்களின் படைப்புகள் அவற்றுள் இருந்தன. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரமும் மலையாள மொழிபெயர்ப்பில் இருந்தது. அதைக் குடிமக்கள் ஒருமுறைக்கு மேல் இரவல் வாங்கிச் சென்றிருந்தார்கள்.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. கண்ணகி புகாரில் பிறந்தாள்; மதுரையில் கணவனை இழந்தாள்; வைகைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து சேரநாட்டு மலையை அடைந்தாள். பிறந்த ஊரை விட்டு வந்தவள் அவள். வேங்கை மரத்தின் நிழலில் நின்ற அவளைக் கண்டவர்கள் மலைவாழ் குறவர்கள். தாங்கள் கண்டதைச் சேரன் செங்குட்டுவனிடம் சொன்னவர்களும் அவர்களே என்று காப்பியம் கூறுகிறது. குமுளிக்கு அருகில், தமிழக எல்லையை ஒட்டிய காட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் இரு மாநில மக்களும் அங்கு மலையேறிச் செல்கிறார்கள். முதுவர்களும் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்ற வழிவழிக் கதையைச் சொல்கிறார்கள். மலைமக்கள் வாய்மொழியாகச் சொல்லியதாகக் காப்பியம் கூறும் கதை, தமிழில் நூலாகி, மலையாளத்துக்குச் சென்று, ஒரு தேநீர்க்கடையின் சாக்குப் பை வழியாக மீண்டும் மலைமக்களின் கைக்கு வந்திருக்கிறது. ஒருவர் படித்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

கேரளத்தின் நூலக இயக்கமும் இவ்வாறு கைமாறுதலால் வளர்ந்ததே ஆகும். பி.என். பணிக்கர் 1926ஆம் ஆண்டில் நீலம்பேரூரில் ஒரு சிறு நூலகத்தைத் தொடங்கினார். 1945ஆம் ஆண்டில் 47 ஊர் நூலகங்களை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தார். அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாளை இன்று வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். அரங்கநாதன் சீர்காழியில் பிறந்த தமிழர். நூல்கள் பூட்டி வைப்பதற்கு உரியவை அல்ல, பயன்படுத்துவதற்கு உரியவை என்பதே 1931ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் தொடக்கம். நாம் வாழும் மாநிலத்தின் மரபும், நாம் பேசும் மொழியின் மரபும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன.

"தமிழ் நூல் படித்தால் மதிப்பெண் கிடைக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். பெரும்பாலும் கிடைக்காது என்பதே உண்மையான விடை. ஆனால் வீட்டிலுள்ள மூத்தவர்களோடு பேச ஒரு புதிய வாயில் கிடைக்கும். "மலையாளம் படித்தால் தமிழ் மறந்துவிடும்" என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. அண்டை மொழியில் ஒரு நல்ல கதையைப் படித்தவர் தம் மொழியிலும் அத்தகைய கதையைத் தேடுவார். மறதி வருவது இன்னொரு மொழியைப் படிப்பதால் அன்று. தன் மொழியைப் படிக்காமல் விடுவதால்தான். "தமிழ் நூல்கள் இங்கே எளிதாகக் கிடைப்பதில்லை" என்ற குறையில் உண்மை உண்டு. அதனால்தான் ஒரு நூல் ஒருவரோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன். பத்து மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு நூல் இருந்து, அவை கைமாறினால், ஒவ்வொருவரிடமும் பத்து நூல்கள் இருப்பதற்கு அது சமமாகும்.

என் வாசிப்புப் பழக்கங்களுள் மூன்றை உங்களுக்குச் சொல்கிறேன். முதலாவது, நாளுக்குப் பத்து நிமிடமேனும் வாய்விட்டுப் படிப்பது. தடுமாறும் சொல்லைக் கண் தாண்டிவிடும், வாய் தாண்டாது. இரண்டாவது, வழியில் காணும் எழுத்துகளைப் படிப்பது. மூணாற்றிலோ கொழிஞ்சாம்பாறையிலோ நின்றால், தேனிக்கும் பொள்ளாச்சிக்கும் செல்லும் பேருந்துகளின் பெயர்ப்பலகையே ஒரு பாடம். மூன்றாவது, நான் படித்த நூலின் பெயரோடு, அதை யார் தந்தார், யாருக்குத் தந்தேன் என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது. சின்னத்தம்பியின் பதிவேட்டைப் பற்றி அறிந்தபின் தொடங்கிய பழக்கம் இது.

நான் விரும்பிப் பரிந்துரைக்கும் சில நூல்களையும் கூறுகிறேன். முதலில் படிக்க ஏற்றது கி. ராஜநாராயணன் எழுதிய 'பிஞ்சுகள்'. கிராமத்துச் சிறுவனின் உலகத்தை எளிய மொழியில் காட்டும் சிறிய நூல் அது. பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' தமிழிலும் கிடைக்கிறது. எழுத்தாளர் எழுதிய நூலையே தின்றுவிடும் ஓர் ஆடு அக்கதையில் வருகிறது. வீட்டிலுள்ள அனைவரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள். அடுத்து, சிலப்பதிகாரக் கதையை எளிய உரைநடையில் படியுங்கள். படிக்கும்போது, கண்ணகி நடந்த மலை நம் மலைத்தொடரே என்பதை நினைவில் வையுங்கள்.

மேல்வகுப்புக்குச் சென்றபின் படிக்க வேண்டியவை மூன்று. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', தெலுங்கு நாட்டிலிருந்து புலம்பெயர்ந்து தமிழ்நாட்டுக் கரிசல் மண்ணில் குடியேறியவர்களின் கதை. குடியேறி வாழ்வது நமக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் அன்று என்பதை அந்நூல் உணர்த்தும். தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு', தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் பட்ட துன்பங்களை விவரிக்கிறது. நம் முன்னோர் எத்தகைய வாழ்வைக் கடந்து வந்தார்கள் என்பதை அறிய அது உதவும். ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' 1969ஆம் ஆண்டில் மலையாளத்தில் நூலாக வெளிவந்தது. யூமா வாசுகி அதைத் தமிழில் தந்திருக்கிறார். ஓராசிரியர் பள்ளிக்கு வரும் ரவியின் கதை அது. பாலக்காட்டுக்கு அருகிலுள்ள தஸ்ராக் என்னும் சிற்றூரே அக்கதைக்கு அடிப்படை. மலையாளம் அறிந்த நீங்கள் ஒரு பக்கத்தை மூலத்திலும் அதே பக்கத்தைத் தமிழிலும் படித்துப் பாருங்கள். ஒரு மொழி மட்டும் அறிந்தவருக்குக் கிடைக்காத இன்பம் அது.

இவை என் விருப்பங்கள். உங்களுக்கு வேறு நூல்கள் பிடிக்கலாம். 'இது பிடிக்கவில்லை' என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஏன் பிடிக்கவில்லை என்பதைத் தமிழில் சொல்ல முயலுங்கள், அதுவும் ஒரு பயிற்சியே.

அண்ணன் தந்த அந்தக் கதைத் தொகுதி இன்று யாரிடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நான் அதைக் கொடுத்தவர், தம் தங்கைக்குக் கொடுத்ததாகச் சொன்னார்; அதன்பின் அது எங்கோ சென்றுவிட்டது. அந்நூல் என் அலமாரியில் இல்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. யாரோ ஒரு சிறுமி, தன் பாட்டியின் அருகில் அமர்ந்து, ஒரு வரியையும் தாண்டாமல் அதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இந்த வாரம் நீங்களும் ஒரு நூலைப் படியுங்கள். படித்து முடித்ததும் அதைப் பெறப்போகிறவர் யார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.

எண்ணி எழுதுக

1. எழுத்து அறியாத பாட்டி கட்டுரையாளருக்கு ஆசிரியரானது எவ்வாறு?
2. சிலப்பதிகாரக் கதை மீண்டும் மலைமக்களிடம் வந்து சேர்ந்ததாகக் கட்டுரையாளர் கூறுவது ஏன்?
3. "ஒரு நூல் ஒருவரோடு நின்றுவிடக் கூடாது" என்ற கருத்தை நீ ஏற்கிறாயா? உன் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.
4. உன் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவருக்கு ஒரு கதையைப் படித்துக் காட்டுக. அவர் திருத்திய சொற்களையும் சொன்ன செய்திகளையும் குறிப்பேட்டில் எழுதுக.