இடிபடும் வீட்டில் ஒரு கிட்டார்

ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் சாலைக்கு இட்லி அரிசியும் முருங்கைக்காயும் வாங்க வருகிறவர்கள், கடைத்தெருவை விட்டுக் கொஞ்சம் உள்ளே நடந்தால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். 1920களிலும் 30களிலும் கட்டிய மரவீடுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. 2016இல் நடைமுறைக்கு வந்த நகரத் திட்டத்துக்குப் பிறகு, ஒரு வீடு நின்ற மனையில் நான்கைந்து வீடு எழுப்புவதுதான் கணக்கு. காலையில் பொக்லைன் வருகிறது. ஓரிரு நாளில் சுவரும் தரையும் கூரையும் ஒன்றாக நொறுங்கி இரும்புத் தொட்டிக்குள் போய்விடுகின்றன.

தொட்டிக்குள் போவது எது என்பதில்தான் வயிற்றெரிச்சல். அக்கால ஆக்லாந்து வீடுகளில் கௌரி, ரிமு மரங்கள்தான் புழக்கம். கௌரி என்றதும் பக்கத்து வீட்டுப் பெண் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. இது மாவோரிப் பெயர். நியூசிலாந்தின் வடபகுதியில் மட்டும் இயற்கையாக வளரும், பிசின் சுரக்கும் ராட்சத மரம். ஒரு காலத்தில் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவியிருந்த காட்டைப் பாய்மரத்துக்கும் வீட்டுக்கும் வெட்டித் தீர்த்தார்கள். முதிர்ந்த காடாக மிஞ்சியது சில ஆயிரம் ஹெக்டேர். அதையும் ஒரு வேரழுகல் நோய் அரித்துவருகிறது. அது பரவாமலிருக்க, 2018இல் ஆக்லாந்தை ஒட்டிய வைட்டாக்கரே மலைக்காட்டுப் பாதைகளையே மூட வேண்டி வந்தது.

புது மரம் வெட்டலாமா? 1949ஆம் ஆண்டு வனச் சட்டத்தில் 1993இல் வந்த திருத்தம், நாட்டு மரங்களை அனுமதியில்லாமல் அறுக்க விடாது. சரி, வடக்கே சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்துகிடக்கும் கௌரி? அதை வெறும் மரமாக ஏற்றுமதி செய்ய முடியாது, முழுமையடைந்த பொருளாக இருக்க வேண்டும் என்பதால், தோண்டி எடுத்தவர்கள் பலகைக்கு ‘மேசை’ என்றும், லேசாகச் செதுக்கிய முழுத்தடிக்குக் ‘கோயில் தூண்’ என்றும் பெயர் சூட்டிக் கப்பலேற்றினார்கள். பெயர் வைத்தால் மட்டும் மரம் முழுமையடைந்த பொருளாகிவிடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

கிட்டார் செய்பவர் இந்த மரத்தைப் பார்க்கும் பார்வை வேறு. கிட்டாரின் குரல் பெரும்பாலும் மேற்பலகையில் இருக்கிறது. 1862இல் ஸ்பெயினின் அந்தோனியோ டி டோரஸ், முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து மேற்பலகைக்கு மட்டும் நல்ல மரத்தை வைத்து இதைக் காட்டினார். இன்றைய கிட்டாரில் மேற்பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். எஃகுக் கம்பிகளின் எழுபது கிலோ இழுவையைத் தாங்கிக்கொண்டே அது அதிரவும் வேண்டும். பழைய சுவர்ப்பலகையில் நாலைந்து அடுக்கு வண்ணத்தை நீக்கி இழைப்புளியை ஓட்டினால் தேன் நிறம் எழும்பும்; ஆணி இருந்த இடத்தில் கறுப்பு வளையம். மேல் ஓரத்தை இரண்டு விரலால் தொங்கப் பிடித்து, விரல் முட்டியால் நடுவில் தட்டிப் பார்ப்பார்கள். ‘தொப்’ என்றால் அடுப்புக்கு. ஓசை கொஞ்ச நேரம் நின்று தேய்ந்தால் வேலைக்கு ஆகும். ஆக்லாந்தின் ஈரக்காற்றில் நூறு வருடம் விரிந்து சுருங்கி அடங்கிய மரம் அவ்வளவு சீக்கிரம் கோணாது.

நரசிங்கம்பேட்டைக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊர் ஆசாரிகள் நாகசுரத்தின் குழல் பகுதியான உலவைக் கடைவது ஆச்சா மரத்தில். அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரத்திலும் தூணிலும்தான். பச்சை மரம் வெடிக்கும், சுருதி நிற்காது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நாகசுரத்துக்குள், யார் வீட்டுக் கூடத்தையோ தாங்கிய மரம் ஊதுகிறது. நியூயார்க்கின் ரிக் கெல்லியும் அதே ஜாதி. அந்நகரின் பழங்கட்டட உத்திரங்களிலிருந்து மின்கிட்டார் செய்கிறார். அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் பாப் டெய்லர் 1995இல் சரக்கு ஏற்றும் மரத்தட்டின் பலகையில் ஒரு கிட்டார் செய்து, பெயர்போன மரம் இல்லாமலும் நல்ல கை இருந்தால் போதும் என்று காட்டினார்.

ஆட்சேபணை இல்லாமலில்லை. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும். முகமூடி இல்லாமல் சுரண்டக் கூடாது. உளுத்த பலகை உதவாது. வீட்டைப் பிரித்து எடுக்க நாளும் கூலியும் கூடும். எல்லாம் மெய்தான். ஆனால் நியூசிலாந்தின் குப்பையில் பாதி வரைக்கும் கட்டுமான, இடிப்புக் கழிவு என்று கட்டுமானத் துறையே சொல்கிறது. அதைப் புதைக்கும் செலவு மட்டும் ஏன் யார் கணக்கிலும் உறுத்துவதில்லை?

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் இதற்கு வழி கண்டது. 1916ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளை இடிக்கக் கூடாது, கையால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும் என்று 2016இல் விதி போட்டது. 2020இல் அந்தக் கோட்டை 1940க்கு நகர்த்தியது. ஆக்லாந்து மாநகராட்சி அதே கோட்டைப் போட்டால் சான்ட்ரிங்ஹாமின் பழைய மரவீடுகளில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். போடத்தான் வேண்டும்.

அதுவரை, மனை வாங்கி வீடு கட்டும் தமிழ்க் குடும்பங்கள் இடிப்புக்கு விலை கேட்கும்போதே ‘பிரித்து எடுத்தால் எவ்வளவு?’ என்று இரண்டாவது விலையும் கேட்டுவைக்கலாம். 8 அங்குல அகலம், 2 அங்குலக் கனத்தில், ஆண்டு வளையங்கள் செங்குத்தாக நிற்கும் உத்திரம் ஒன்று அகப்பட்டால் போதும். ஆணிகளைப் பிடுங்கி, இரண்டடித் துண்டை வாளில் கொடுத்தால் ஒன்பது ஏடு தேறும். ஜோடி சேர்த்தால் நான்கு கிட்டாருக்கு மேற்பலகை. மிஞ்சும் ஓர் ஏடு, தட்டிப் பழக.