வெர்தூன் வனப் பாதை

காரைக்கால், புதுச்சேரிப் பகுதிகளைச் சேர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றிற்குப் பிரான்ஸ் நாட்டுடன் நெடுங்காலத் தொடர்பு உண்டு. அங்குக் குடியேறிய மகனையோ மகளையோ காணப் பாரிஸ் சென்று வரும் பெற்றோரிடம், "என்னென்ன கண்டீர்கள்?" என்று வினவினால், ஐஃபல் கோபுரம் என்பர், சேன் நதி என்பர், பாரிஸ் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுத நிறைவைக் கூறுவோரும் உளர். 1926ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பள்ளிவாசல், முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களுக்குச் செய்யும் மரியாதையாகவும் எழுப்பப்பட்டது. அவ்வீரர்களுள் ஒரு பகுதியினர் பாரிஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், ஒரு காட்டின் நடுவே அடங்கியுள்ளனர். வெர்தூன் என்பது அவ்விடத்தின் பெயர். சிறுவரும் முதியோரும் சிரமமின்றி நடக்கத்தக்க பாதைகள் அங்கு உள்ளமையால், அடுத்த முறை பாரிஸ் செல்வோர் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம் என்று சொல்லவே இம்மாதம் எழுதுகின்றேன்.

1916 பிப்ரவரி 21ஆம் நாள் காலை ஜெர்மானியப் பீரங்கிகள் இங்கு முழங்கத் தொடங்கின. அந்த ஒரே நாளில் விழுந்த குண்டுகள் ஏறத்தாழ பத்து லட்சம் என்பர். டிசம்பர் 18 வரை, முந்நூறு நாட்கள் போர் நீடித்தது. இரு தரப்பிலும் மாண்டோரும் காணாமற் போனோரும் சுமார் 3 லட்சம் பேர். காயமுற்றோரையும் கூட்டினால் 7 லட்சம். இத்தனைக்கும் பின்னர், இரு படைகளும் தொடங்கிய இடத்திற்கு அருகிலேயே நின்றிருந்தன!

இன்று அங்குச் செல்வோர் முதலில் காண்பது மரங்களையே. ஓங்கிய பைன் மரங்கள், இடையிடையே பீச் மரங்கள், கீழே ஈர நிழல். பன்னெடுங்காலக் காடு என்றே புதியவர் எண்ணுவர். போருக்கு முன் இப்பரப்பில் கோதுமை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் சிற்றூர்களும் இருந்தன. போர் ஓய்ந்த பின் மண்ணைப் பார்வையிட்டவர்கள், இதில் இனி ஏர் பூட்ட இயலாது என்று முடிவு செய்தனர். வெடிக்காத குண்டுகளும் நச்சுப்பொருள்களும் மனித உடல்களும் மண்ணோடு மண்ணாகக் கலந்துவிட்டிருந்தன. அரசு இந்நிலத்தைச் 'சிவப்பு மண்டலம்' என்று வகைப்படுத்தித் தன் உடைமையாக்கிக்கொண்டது. 1920களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் மரக்கன்றுகளை நட்டது. இவ்வாறு உருவான வெர்தூன் வனம் இன்று சுமார் 10,000 ஹெக்டேர் பரப்புடையது. மரங்களுக்கு அடியில் நிலத்தை உற்று நோக்கினால் ஒரு முழம் கூடச் சமமாக இராது. குண்டு விழுந்த குழிகள் ஒன்றோடொன்று உராய்ந்து அலையலையாகக் கிடக்கின்றன. அவற்றில் தேங்கும் நீரில் மஞ்சள் வயிற்றுத் தேரை என்னும் அரிய உயிரினம் முட்டையிட்டுப் பெருகுகிறது. அவனுடைய படைப்புக்கு எதுவும் பாழிடமன்று.

பாதைகளுள் எளியதும் நெஞ்சைத் தொடுவதும் ஃப்ளூரி ஊர்ப் பாதையே. போருக்கு முன் 422 பேர் வாழ்ந்த ஊர் அது. போர் தொடங்கியதும் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 1916 கோடையில் மட்டும் பதினாறு முறை அவ்வூர் கைமாறியது. கைமாறியது என்று எழுதுகின்றோம். முடிவில் கைமாற ஊர் ஏதும் எஞ்சியிருக்கவில்லை. இன்று பழைய தெருக்களின் தடத்திலேயே நடைபாதை அமைத்து, ஒவ்வொரு வீடும் நின்ற இடத்தில் ஒரு சிறு அடையாளத்தை நிறுவியுள்ளனர். ரொட்டி சுடுபவர் வீடு, பள்ளிக்கூடம், பண்ணை வீடு என்று படித்துக்கொண்டே போகலாம். சுவர் இல்லை, கூரை இல்லை. குழிகளும் புல்லும் மரங்களுமே உள்ளன. நடக்கும் தொலைவு குறைவு. ஆயினும் விரைந்து நடந்துவிட இயலாது.

இவ்வாறு அழிந்த ஊர்கள் ஒன்பது. அவற்றுள் ஆறு ஊர்களில் இன்றும் குடியிருப்போர் எவருமிலர். ஆயினும் பிரெஞ்சு அரசு அவற்றின் பெயர்களை ஊர்ப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. வாக்காளர் இல்லாமையால் மாவட்ட ஆட்சியாளரே ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயரை நியமிக்கின்றார். மதரஸாவில் இதைச் சொன்னபோது ஒரு மாணவர், "ஆளே இல்லாத ஊருக்குத் தலைவர் என்ன ஹஜ்ரத் செய்வார்?" என்று கேட்டார். நினைவு நாளில் நிற்பதும், அவ்வூரின் பெயர் மறக்கப்படாமல் காப்பதுமே அவர் வேலை என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாயிருந்தது.

ஃப்ளூரியை அடுத்து, காட்டைக் கடந்தால் தூஓமோன் கோட்டை. 1916 பிப்ரவரி 25இல் ஏறக்குறைய எதிர்ப்பேயின்றி ஜெர்மானியரிடம் வீழ்ந்த இக்கோட்டையை அக்டோபர் 24இல் பிரெஞ்சுப் படை மீட்டது. மீட்ட படைப்பிரிவின் பெயரில் மொரோக்கோ என்னும் சொல் இருப்பினும் அதில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரரே. அவர்களோடு செனகல் படையினரும், இன்றைய ஜிபூட்டிக் கரையிலிருந்து வந்த சோமாலியரும் அன்று முன்னேறினர். அல்ஜீரிய, துனீசியப் பிரிவுகளும் வெர்தூனில் போரிட்டன.

இவர்கள் எதற்காகப் போரிட்டனர் என்னும் வினா அங்கு நடப்போருக்கு எழாமல் இராது. 1914 நவம்பரில் உதுமானிய சுல்தான், கலீஃபா என்னும் முறையில், பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் எதிராக ஜிஹாத் அறிவித்திருந்தார். மறுபுறம், அல்ஜீரிய முஸ்லிம்களைக் கட்டாயமாகப் படைக்குச் சேர்க்கும் ஆணை 1912இலேயே பிறப்பிக்கப்பட்டுவிட்டது. படையில் சேர்க்க அவர்கள் வேண்டும்; குடியுரிமையில் சமமாக்க வேண்டா! வெர்தூன் எரிந்துகொண்டிருந்த அதே 1916ஆம் ஆண்டின் இறுதியில், அல்ஜீரியாவின் ஔரெஸ் மலைப்பகுதி மக்கள் இக்கட்டாயச் சேர்ப்பை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். விரும்பி வந்தவர், ஊதியத்திற்காக வந்தவர், இழுத்து வரப்பட்டவர் என அனைவரும் அந்தச் சேற்றில் இருந்தனர். அவர்களின் நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ். அவர்களை அனுப்பியோரைப் பற்றிக் கருத்துக் கூற நமக்குத் தடையில்லை: உயிரைக் கேட்டவர்கள் உரிமையைத் தர மறுத்தார்கள்.

கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் எலும்பு மாளிகை. 1932இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தில் ஏறத்தாழ 1,30,000 அடையாளம் தெரியாத வீரர்களின் எலும்புகள், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர் என்னும் பிரிவின்றி வைக்கப்பட்டுள்ளன. கட்டடத்தின் பின்புறம் தாழ்வாயுள்ள சிறு சன்னல்களின் வழியே அவற்றைக் காணலாம். இளம் பிள்ளைகளை அப்பக்கம் அழைத்துச் செல்வதற்கு முன் பெற்றோர் சிந்திக்க வேண்டும். முன்புறச் சரிவில் 16,000க்கும் மேற்பட்ட கல்லறைகள். வெண்ணிறச் சிலுவைகளின் நெடுவரிசைகளுக்கு ஓரமாக, வேறொரு திசைக்குத் திரும்பிய 592 கற்கள். கிப்லாவைக் கணித்து அமைக்கப்பட்ட நம்மவர் கபர்கள் அவை. "ஹாதா கப்ருல் மர்ஹூம்" என்று அரபியில் பொறித்து, அதனருகே பெயர். இத்தகைய கல்லின் வடிவத்தைப் போர்க்காலத்தில் வரைந்தளித்தவர் எத்தியேன் தினே என்னும் பிரெஞ்சு ஓவியர். அல்ஜீரியாவில் வாழ்ந்து இஸ்லாத்தைத் தழுவி நஸ்ருத்தீன் எனப் பெயர் கொண்ட அவர், 1929இல் ஹஜ்ஜையும் நிறைவேற்றி, அவ்வாண்டின் இறுதியில் மறைந்தார்.

யூத வீரர்களுக்கான நினைவுச் சின்னம் இதே மேட்டில் 1938இலேயே எழுந்துவிட்டது. முஸ்லிம் வீரர்களுக்குரியது 2006 ஜூன் 25இல்தான் அன்றைய அதிபர் ஜாக் ஷிராக்கால் திறந்துவைக்கப்பட்டது. வளைவுகளும் சிறு குவிமாடமும் உடைய எளிய முற்றம் அது. போர் நடந்து சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள். அதற்குள் அவர்களுடைய பிள்ளைகளும் கபருக்குப் போயிருப்பார்கள்.

இனி, செல்வோர் கவனத்திற்குச் சில. ஃப்ளூரி நிலையம் இருந்த இடத்தில் 1967இல் திறக்கப்பட்டு, 2016இல் புதுப்பிக்கப்பட்ட அருங்காட்சியகம் உள்ளது. அங்கிருந்து தொடங்கி ஊர்ப் பாதை, எலும்பு மாளிகை, கபர்கள், பின்னர் கோட்டை என்று செல்வது வசதி. மழைக்காலத்தில் பாதை சேறாகும். கெட்டியான காலணி தேவை. பாதையை விட்டு ஓரடியும் விலகலாகாது. இரும்புத் துண்டு எதையும் பிள்ளைகள் கையால் தொட விடாதீர்கள். வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி இன்றும் தொடர்கிறது. மண் உடல்களையும் இன்னும் வெளிப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது: 2013இல் ஃப்ளூரியில் 26 பிரெஞ்சு வீரர்களின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன, அவர்களுள் சிலருடைய பெயர்கள், உடனிருந்த உலோகத் தகடுகளால் தெரியவந்தன.

காலையில் நடக்கத் தொடங்கினால் ளுஹர் வேளையில் கபர்களின் அருகே இருப்பீர்கள். ஸலாம் சொல்லி, துஆச் செய்துகொள்ளுங்கள். தொழுகைக்கு மட்டும், கபர்களை முன்னோக்கி நிற்காமல், வாகனங்கள் நிறுத்தும் பக்கமாக ஒதுங்கிக்கொள்வது முறை.