பஞ்சுத் தூசியும் திங்கட்கிழமை மூச்சுத்திணறலும்: நூற்பாலை ஊழியர்களின் நுரையீரலைப் பாதிப்பது எது?

திங்கட்கிழமை வந்தாலே நம்மில் பலருக்குச் சலிப்புதான். "ஐயோ, மறுபடியும் வேலையா?" என்று அலுத்துக்கொண்டே எம்ஆர்டி ஏறுவோம்.

நூற்பாலை ஊழியர்கள் சிலருக்கு அது வெறும் சலிப்பு இல்லை. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய சில மணி நேரத்தில் அவர்களுக்கு நெஞ்சு இறுகும். இருமல் வரும். மூச்சு வாங்கும். மறுநாள் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றும். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

இந்த நோய்க்குப் பெயர் பிசினோசிஸ். பஞ்சு, சணல், ஆளி போன்ற தாவர இழைகளின் தூசியை நீண்டகாலம் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய் இது. தடுக்கக்கூடிய நோயும்கூட. ஆனால் பருத்தி நூல் தயாரிக்கும் நாடுகளில் இன்னும் ஒழியவில்லை.

பஞ்சுதான் வில்லன் என்று நினைக்கத் தோன்றும். ஆய்வுகள் காட்டும் முக்கியக் குற்றவாளி வேறு. பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வரும் பாக்டீரியா. அதுவும் பெரும்பாலும் செத்துப்போன பாக்டீரியா!

தூசி எங்கிருந்து வருகிறது?

வயலிலிருந்து வரும் பருத்தி, வெறும் வெள்ளை இழை அல்ல. காய்ந்த இலைத் துணுக்கு, தண்டு, காயைச் சுற்றியிருக்கும் செதில், மண் எல்லாம் கலந்துதான் வரும். ஜின்னிங் ஆலையில் விதையை நீக்கி, பஞ்சைப் பொதியாக அழுத்திக் கட்டி நூற்பாலைக்கு அனுப்புவார்கள்.

நூற்பாலையின் முதல் கட்டம் புளோ ரூம். அங்கே பொதியைப் பிரித்து, பஞ்சை அடித்து உதறிச் சுத்தம் செய்வார்கள். அடுத்தது கார்டிங். நுண்ணிய கம்பி முனைகள் பஞ்சைச் சீவி, இழைகளைப் பிரித்து நேராக்கும். பொதுவாக இந்த இரண்டு இடங்களில்தான் தூசி ஆக அதிகம்.

காற்றில் மிதந்து தலைமுடியிலும் சட்டையிலும் ஒட்டும் பெரிய பஞ்சுத் துகள்கள் பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். நுரையீரலுக்குள் போவது, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நுண்தூசி.

எண்டோடாக்சின் என்றால் என்ன?

பருத்திச் செடியின் இலையிலும் செதிலிலும் கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பான்டோயா அக்ளோமெரன்ஸ் அவற்றில் ஒன்று. இவ்வகை பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் எண்டோடாக்சின்.

பாக்டீரியா செத்த பிறகும் அது அழிவதில்லை. தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூட்டையும் தாங்கும். அதனால் பஞ்சு காய்ந்து, பொதியாகி, மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்து ஆலைக்கு வரும்போதும் எண்டோடாக்சின் கூடவே வருகிறது.

நம் நுரையீரலில் காவல்காரச் செல்கள் உள்ளன. எண்டோடாக்சினை அடையாளம் காணும் ஓர் உணர்வி அவற்றில் இருக்கிறது. டிஎல்ஆர்4 என்பது அதன் பெயர். அதன் வேலையைக் கண்டறிந்ததற்காகத்தான் புரூஸ் பியூட்லருக்கு 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

எண்டோடாக்சின் பட்டதும் அந்தச் செல்கள் அபாயச் சங்கு ஊதும். வெள்ளை அணுக்கள் ஓடி வரும். மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும். உள்ளே உயிருள்ள கிருமி எதுவும் இல்லை. திருடன் எப்போதோ செத்துவிட்டான், அவன் சட்டையைப் பார்த்தே நாய் குரைக்கிறது. ஒருநாள் குரைத்தால் பரவாயில்லை. ஆண்டுக்கணக்கில் குரைத்தால் மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

அப்போ ஏன் திங்கட்கிழமை?

எண்டோடாக்சின் தொடர்ந்து பட்டுக்கொண்டிருந்தால், உடல் அதற்குத் தற்காலிகமாகப் பழகிக்கொள்கிறது. ஓரிரு நாள் ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. திரும்பி வந்ததும் உடல் மறுபடியும் பலமாக எதிர்க்கிறது. இதுவே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

பிரிட்டனின் லங்காஷயர் ஆலைகளில் 1950களில் ஆய்வு செய்த மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங், இதை வைத்தே நோயைப் படிநிலைகளாகப் பிரித்தார். முதலில் எப்போதாவது வேலை வாரத்தின் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகும். பிறகு ஒவ்வொரு வாரமும் முதல் நாளில். அப்புறம் மற்ற நாள்களிலும். கடைசிக் கட்டத்தில் நுரையீரல் திறன் நிரந்தரமாகக் குறைந்துவிடும்.

ஆக, திங்கட்கிழமை இறுக்கம் என்பது ஒரு முன்னெச்சரிக்கை. அந்தக் கட்டத்திலேயே கவனித்தால் நுரையீரலைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

குற்றவாளியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நோய் பழசு. 1700களின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, ஆளி, சணல் இழைகளைச் சீவுவோருக்கு வரும் இருமல் பற்றி எழுதினார். 1831இல் மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே, பஞ்சாலை ஊழியர்களின் நுரையீரல் நோயைப் பதிவு செய்தார்.

எண்டோடாக்சின் மீது சந்தேகம் வலுத்தது 1961இல். இத்தாலியின் பெர்னிஸ் குழுவினர் அந்த ஆண்டு தங்கள் ஆய்வை வெளியிட்டனர். 1987இல் அமெரிக்காவின் காஸ்டெலன் குழுவினர் இன்னும் தெளிவான ஆதாரம் தந்தனர். தன்னார்வலர்களை வெவ்வேறு வகைப் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கவைத்து, முன்னும் பின்னும் நுரையீரல் திறனை அளந்தார்கள். தூசியின் எடையைவிட, தூசியில் இருந்த எண்டோடாக்சின் அளவோடுதான் பாதிப்பு ஒத்துப்போனது. ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 9 நானோகிராமுக்குக் கீழே பாதிப்பு இருக்காது என்று அவர்கள் கணித்தார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

நீண்டகால பாதிப்பைக் காட்டியது சீனாவின் ஷாங்ஹாய் ஆய்வு. ஹார்வர்ட் பேராசிரியர் டேவிட் கிறிஸ்டியானி குழுவினர் 1981இல் 447 பஞ்சாலை ஊழியர்களையும் 472 பட்டாலை ஊழியர்களையும் பரிசோதித்துவிட்டு, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். ஏன் பட்டாலை? அங்கேயும் அதே ஊர், அதே மாதிரி ஆலை வேலை. ஆனால் பஞ்சுத் தூசி கிடையாது. பஞ்சாலை ஊழியர்களின் நுரையீரல் திறன் கூடுதலாகக் குறைந்தது தெரியவந்தது. புகைபிடித்தவர்களின் நிலை இன்னும் மோசம். தூசியிலிருந்து விலகிய பிறகு ஓரளவு முன்னேற்றம் இருந்தது என்பது ஆறுதலான செய்தி.

சட்டம் போட்டால் குறையுமா?

குறையும். அமெரிக்காவே அதற்குச் சான்று.

1970களில் அங்கே பாதிக்கப்பட்ட ஆலை ஊழியர்கள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தார்கள். 1978இல் பஞ்சுத் தூசிக்குக் கட்டாய வரம்பு வந்தது. நூல் தயாரிக்கும் பகுதியில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம் நுண்தூசிக்கு மேல் இருக்கக்கூடாது. "செலவு கட்டுப்படியாகாது" என்று ஆலை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981இல் நீதிமன்றம் அந்த வரம்பை உறுதிசெய்தது.

பிறகு நடந்தது என்ன? ஆலைகள் புதிய இயந்திரங்களுக்கு மாறின. செலவு முதலில் மதிப்பிட்டதைவிடக் குறைவாகவே ஆனது. 2000ஆம் ஆண்டு வாக்கில் நோய் விகிதம் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பல ஆலைகள் அமெரிக்காவையும் பிரிட்டனையும் விட்டே போய்விட்டன. நூற்பு வேலை இந்தியா, பாகிஸ்தான், பங்ளாதேஷ் போன்ற நாடுகளில் பெருகியது. வேலையோடு தூசியும் வந்தது.

தமிழ்நாட்டில் நிலை என்ன?

இந்தியாவில் ஆக அதிகமான நூற்பாலைகள் இருப்பது தமிழ்நாட்டில். கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் என்று பட்டியல் நீளும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் பிசினோசிஸையும் சேர்த்திருந்தது. ஆனால் நோய் கணக்கில் ஏறுவதற்கு முன் அதை யாராவது கண்டறிய வேண்டுமே!

அங்கேதான் சிக்கல். பிசினோசிஸுக்கு என்று தனி அடையாளம் எக்ஸ்ரேயில் தெரியாது. முற்றிய நிலையில் பார்த்தால் ஆஸ்துமா மாதிரியோ, புகைபிடிப்பதால் வரும் நோய் மாதிரியோதான் இருக்கும். வேலைக்கு முன்னும் பின்னும் மூச்சளவுக் கருவியில் ஊதவைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அதற்கு ஆலையே ஏற்பாடு செய்ய வேண்டும்.

பல ஆலைகள் வாரம் முழுவதும் ஓடுபவை. வார விடுமுறை ஆளுக்கு ஒரு நாள் என்று மாறி மாறி வந்தால், ஒருவரின் "திங்கட்கிழமை" புதன்கிழமையாகவும் இருக்கலாம். "திங்கட்கிழமை எப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டால் பதில் கிடைக்காது. "லீவு முடிஞ்சு வேலைக்குப் போற அன்னிக்கு நெஞ்சு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. ஆலைகளில் வேலை செய்பவர்களில் பலர் சில ஆண்டு ஒப்பந்தத்தில் வரும் இளம் பெண்கள், வட மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர்கள். நோய் முற்ற ஆண்டுகள் ஆகும். அதற்குள் அவர்கள் வேலையை விட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். இருமல் அவர்களோடு போகும். பதிவேட்டில் எதுவும் இருக்காது.

முகக்கவசம் போட்டா போதாதா?

போதாது. வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த ஆலையில், எட்டு மணி நேரம் முகத்தை இறுகப் பிடிக்கும் கவசத்தைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது லேசான காரியம் இல்லை. சாதாரணத் துணிக் கவசம் நுண்தூசியைத் தடுக்காது.

முதலில் செய்யவேண்டியவை வேறு:

- புளோ ரூம், கார்டிங் இயந்திரங்களை மூடி, தூசியை உற்பத்தியாகும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பது.
- காற்றடித்தோ துடைப்பத்தால் பெருக்கியோ தூசியைக் கிளப்பாமல், உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்வது.
- முடிந்த இடங்களில் பஞ்சை முன்கூட்டியே கழுவுவது. கழுவினால் எண்டோடாக்சின் குறையும்.
- ஊழியர்களின் மூச்சுத் திறனை வேலையில் சேரும்போதும் பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் அளப்பது.
- திறன் குறைபவரை வேலையை விட்டு நீக்காமல், தூசி குறைந்த பகுதிக்கு மாற்றுவது.

கடைசி அம்சம் ரொம்ப முக்கியம். இருமலைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி இருக்கிறது. பெரும்பாலான நாடுகள் தூசியின் எடைக்குத்தான் வரம்பு வைத்திருக்கின்றன, எண்டோடாக்சினுக்கு இல்லை. பருத்தி விளைந்த இடம், பருவநிலை, தரம் ஆகியவற்றைப் பொறுத்து, ஒரே எடைத் தூசியில் எண்டோடாக்சின் அளவு பெரிதும் மாறும். நெதர்லந்தின் சுகாதார மன்றம் 2010இல் எண்டோடாக்சினுக்கே ஒரு வரம்பைப் பரிந்துரைத்தது. அதுவும் ஏறத்தாழ அதே 9 நானோகிராம்தான்.

நமக்கு என்ன சம்பந்தம்?

சிங்கப்பூரில் நூற்பாலைகளைப் பார்ப்பது அரிது. ஆனாலும் இங்குள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் பிசினோசிஸ் இருக்கிறது. கண்டறியும் மருத்துவர் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். எண்டோடாக்சின் ஆலைகளில் மட்டும் இருப்பதும் இல்லை. தானியக் கிடங்கு, கால்நடைப் பண்ணை, குப்பையைத் தரம்பிரிக்கும் இடம் ஆகியவற்றின் தூசியிலும் அது உண்டு.

ஊரில் மில்லில் வேலை பார்த்த உறவினருக்கு நாள்பட்ட இருமல் இருந்தால், மருத்துவரிடம் அந்தப் பழைய வேலையைப் பற்றியும் சொல்லச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு, எந்தப் பகுதியில் என்ற விவரம், மருத்துவருக்கு எக்ஸ்ரே தராத தகவலைத் தரும்.

சட்டை வாங்கும்போது "100 விழுக்காடு பருத்தி" என்ற சீட்டைப் பார்க்கிறோம். நூற்ற இடத்தின் காற்றை யாராவது அளந்தார்களா என்று அந்தச் சீட்டில் இருக்காது. ஆடை நிறுவனங்களிடம் இளையர்கள் சம்பளம், வேலை நேரம் பற்றியெல்லாம் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இந்தக் கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்கலாம்.