கூட்டாளி கைவிட்டால்? நெற்கட்டும்செவல் முதல் உக்ரைன் வரை

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குள் பூலித்தேவர் ஜோதியாக மறைந்தார் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. ஒவ்வொரு செப்டம்பர் 1-ம் தேதியும் அவர் பிறந்தநாளுக்கு நெற்கட்டும்செவலில் கூட்டம் கூடும். அவர் எப்படித் தோற்றார் என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை.

1755-ல் கர்னல் ஹெரான் படை நெற்கட்டும்செவல் வரை வந்து வெறுங்கையோடு திரும்பியது. மேற்குப் பாளையங்கள் பூலித்தேவர் தலைமையில் சேர்ந்தன. திருவிதாங்கூரும் துணை நின்றது. கம்பெனித் தளபதி யூசுப்கான், அதாவது மருதநாயகம், முதலில் உடைத்தது கோட்டையை அல்ல, இந்தக் கூட்டணியை. களக்காட்டை விட்டுக்கொடுத்ததும் திருவிதாங்கூர் அணி மாறியது. அப்படியும் 1759-ல் வாசுதேவநல்லூர் மண்கோட்டை விழவில்லை. பெரிய பீரங்கிகளோடு யூசுப்கான் மறுபடி வந்தார். 1761 மே மாதம் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் வீழ்ந்தன.

உக்ரைனிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். அமெரிக்காவின் ஹைமார்ஸ் ராக்கெட்டுகள் கைக்கு வந்த 2022-ல், ரஷ்யாவிடமிருந்து கெர்சன் நகரை மீட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் உதவி மசோதா மாதக்கணக்கில் முடங்க, குண்டுகளுக்குத் தட்டுப்பாடு. 2024 பிப்ரவரியில் அவ்தீவ்கா பறிபோனது. 2025 மார்ச்சில் சில நாள்கள் ஆயுதமும் உளவுத் தகவலும் சேர்ந்தே நின்றன.

டிரோன்களை இப்போது உக்ரைன் தானே லட்சக்கணக்கில் செய்துகொள்கிறது. பாலிஸ்டிக் ஏவுகணையைத் தடுக்கும் பேட்ரியாட்டுக்குத்தான் இன்னமும் அமெரிக்காவை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டுச் சாவி அடுத்தவர் கையில் இருக்கிறவரை, நிம்மதியான தூக்கம் ஏது?