தம்பியைக் கூட்டிட்டுப் போம்மா!

போன மாதத்தில் இருந்து நான் சம்பளம் இல்லாத செக்யூரிட்டி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டில் பாதி கட்டி முடித்த ஒரு அடுக்குமாடியின் வாசலில், மணல் குவியல் மேல் உட்கார்ந்து காஸ்ட் அக்கவுண்டன்சி படித்துக் கொண்டிருக்கிறேன். "எங்கடா ஆளையே காணோம்?" என்று கேட்ட கிளாஸ் மக்களுக்கு இந்தப் பதிவுதான் பதில்.

என் பெரியம்மா பெண் அங்கே வீடு விற்கும் கம்பெனியில் சேல்ஸில் இருக்கிறாள். (கம்பெனி பேர் வேண்டாம். அக்கா வேலைக்கு நானே வேட்டு வைக்கக் கூடாது.) ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒருத்தர் போன் செய்து, இப்பவே வீட்டைப் பார்க்கணும் என்றிருக்கிறார். போனில் பேசியது ஒருத்தர், வந்தது இரண்டு பேர். நாலாவது மாடி. லிஃப்ட் இன்னும் மாட்டவில்லை, ஈ.பி. கனெக்‌ஷனும் வரவில்லை. செல்போன் டார்ச்சில் பெட்ரூமைக் காட்டிக் கொண்டிருக்கும்போது ஒருவன் போய் வாசல் கதவைச் சாத்தியிருக்கிறான். வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. கல்யாணம் ஆயிடுச்சா, எங்கே தங்கியிருக்கே என்று ஆரம்பித்திருக்கிறார்கள். "இன்ஜினியர் சார் மேலே வந்துட்டிருக்கார்" என்று பொய் சொல்லி, போனில் சத்தமாகப் பேசுவது போல் பேசிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கி வந்துவிட்டாள். மறுநாள் மேனேஜரிடம் சொன்னால் பதில் இது: "கஸ்டமர்னா நாலு விதமா இருப்பாங்க. இனிமே தம்பியைக் கூட்டிட்டுப் போம்மா."

அந்தத் தம்பி நான்தான்.

எனக்கு ஒரு சந்தேகம். ஒரு ராத்திரி தங்க லாட்ஜுக்குப் போனால் அடையாள அட்டை கேட்கிறான். கார் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் போக லைசென்ஸைக் காட்டு என்கிறான். அதாவது ரூமுக்கும் காருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஐம்பது லட்ச ரூபாய் வீட்டைப் பார்க்க, ஆளில்லாத கட்டடத்துக்குள் ஒரு பெண்ணோடு தனியாகப் போகிறவனிடம் மட்டும் பேரைக்கூட யாரும் சரிபார்ப்பதில்லை. ஏஜென்டுக்கு 2016 ரெரா சட்டத்தின் கீழ் பதிவு எண் வேண்டும். வாங்க வருகிறவன் வெறும் "ஹலோ" சொன்னால் போதும்!

இது இன்று நேற்றைய கதை இல்லை. 1986 ஜூலை 28ஆம் தேதி, லண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில் சூசி லாம்ப்ளூ என்ற 25 வயது எஸ்டேட் ஏஜென்ட் ஒரு வீட்டைக் காட்டக் கிளம்பினார். டைரியில் எழுதியிருந்தது நேரம், முகவரி, "மிஸ்டர் கிப்பர்" என்ற பேர், அவ்வளவுதான். (கிப்பர் என்றால் அந்த ஊரில் புகை போட்ட மீன்.) அவர் திரும்பி வரவே இல்லை. உடல் கிடைக்கவில்லை, இறந்துவிட்டதாக 1993இல் அறிவித்தார்கள், இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பெவர்லி கார்ட்டர் என்ற ஏஜென்ட், வீடு வாங்குவதாக நடித்த ஒருவனால் கடத்திக் கொல்லப்பட்டார். ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தாய் என்று நிருபர்கள் கேட்டதற்கு அவன் சொன்ன காரணம், தனியாக வேலை பார்க்கிற பெண் என்பது. இதில் "தனியாக" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஆண் ஏஜென்டுகளும் தனியாகத்தான் போகிறார்கள்.

இந்த மாதிரி சம்பவம் நடந்ததும் அறிவுரைகள் கிளம்பும். பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள், கஸ்டமரை முன்னால் நடக்கவிட்டு நீ பின்னால் போ, வண்டியை வெளியே எடுக்க வசதியாக நிறுத்து, கராத்தே கற்றுக்கொள். எல்லாம் நல்ல அறிவுரைதான், அக்காவுக்கு நானே சொன்னேன். ஆனால் எல்லா ஹோம்வொர்க்கும் ஏஜென்டுக்கே! கம்பெனிக்கு ஒன்றுமே இல்லையா? அக்காவுக்கு ஃபிக்ஸட் சம்பளம் சொற்பம், மீதி இன்சென்டிவ். "எனக்கு இந்த ஆள் சரியாகப் படவில்லை" என்று அவள் ஒரு கஸ்டமரைத் தட்டிக் கழித்தால் நஷ்டம் அவளுக்கு. துணிந்து போய் விற்றால் பெரிய லாபம் கம்பெனிக்கு. பயப்படுவதற்கே காசு கட்ட வேண்டிய வேலை இது. காஸ்ட் ஷீட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் புரொபசரைக் கேட்க வேண்டும்.

சட்டம் கம்பெனியைச் சும்மா விடவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலை விஷயமாகப் போகிற இடமும் பணியிடம்தான். அங்கே தொடர்புக்கு வருகிற வெளியாட்களிடமிருந்து பாதுகாப்பு தருவதும் முதலாளியின் கடமை என்று 19ஆவது பிரிவு சொல்கிறது. கான்ட்ராக்ட், தற்காலிகம் என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. "தம்பியைக் கூட்டிட்டுப் போ" என்று எந்தப் பிரிவிலும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

அடையாள அட்டை கேட்டால் கஸ்டமர் கோபித்துக்கொண்டு பக்கத்து கம்பெனிக்குப் போய்விடுவாராம். மேனேஜர் வாதம். அதே கஸ்டமர் லோன் வாங்க பேங்க்கில் பான் கார்டு, சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் கொடுத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் கையெழுத்தும் போடுகிறாரே, அங்கே வராத ரோஷம் இங்கே மட்டும் எப்படி வருகிறது? அட்டையைக் காட்டச் சொன்னதும் ஓடிப்போகிற ஆள் வீடு வாங்க வந்த ஆள்தானா?

போலி அட்டை கொண்டு வரலாமே என்பீர்கள். வரலாம். அதனால்தான் முதலில் ஆபீசுக்கு வரட்டும், நாலு பேர் முகத்தைப் பார்க்கட்டும், எத்தனை பேர், எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று ரிஜிஸ்டரில் எழுதட்டும், அந்த நேரத்துக்கு வரவில்லை என்றால் ஒருத்தர் போன் செய்யட்டும் என்கிறேன். இருட்டிய பிறகு சைட் விசிட் வேண்டாம். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா.

இதையே ஒரு பக்கமாக எழுதி, அக்கா போன திங்கட்கிழமை மேனேஜரிடம் கொடுத்துவிட்டாள். "எம்.டி. கிட்ட பேசறேன்" என்றாராம்.

பி.கு: நம் கிளாஸிலேயே மூன்று பேர் பார்ட் டைமாக பிளாட் விற்கப் போகிறீர்கள் என்று தெரியும். சைட்டுக்குப் போகும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். எப்படியும் இந்த ஞாயிறும் அதே மணல் குவியல் மேல்தான் இருப்பேன்.