கள்ளாமையும் மொழிப்பற்றே

கள்ளாமைக்கென்றே பத்துக் குறள்களைத் தனியே வகுத்தார் திருவள்ளுவர். அவற்றை நெட்டுருவாய் ஒப்பிக்கும் தமிழன்பர் பலர்தம் கைப்பேசியிலேயே, திருட்டாய்ப் படியெடுத்த தமிழ் மின்னூல்கள் நிறைந்து கிடக்கின்றன. 'தமிழ் பரவட்டும் என்றே செய்கின்றோம்' என்பது அவர்தம் விடை.

பரவுவது தமிழன்று, தமிழ்நூல் எழுதுவாரின் வறுமையே! அகரமுதலி தொகுத்தவரின் பல்லாண்டு உழைப்பும், கடன்பட்டு அச்சிட்டவரின் பொருளும் ஒரு நொடியிற் களவு போகின்றன. முதற்பதிப்பே விலைபோகாத நூலுக்கு மறுபதிப்பு ஏது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், இன்றுள்ளவாறு, நூலாசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை காக்கின்றது.

களவின்றிப் பெறவும் வழியுண்டு. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பலவும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. மென்பொருட்கும் அஃதே. அயல் நிறுவனத்து மென்பொருளைத் திருடிப் பழகுவோன், காசு கொடாவிடினும் அதற்கே அடிமையாகின்றான். இலினக்சு, இலிபிரெ ஆபிசு போலும் கட்டற்ற மென்பொருள்களோ, படியெடுக்கவும் திருத்தவும் தமிழாக்கவும் உரிமை தருகின்றன. அவற்றைத் தமிழில் வளர்ப்பதன்றோ மொழித்தொண்டு?

பிறமொழிச் சொல்லைக் கடன்கொள்ள நாணும் தமிழன், தன் இனத்தான் உழைப்பைக் களவுகொள்ள நாணாதிருத்தல் தகுமோ? விலைக்குரியதை விலை கொடுத்துக் கொள்க! இயலாதார் நூலகத்தை நாடுக! கட்டற்றதை ஊரெங்கும் பரப்புக! தமிழுக்கு உழைத்தவன் வயிற்றில் அடித்துத் தமிழ் வளர்த்தார் எவருமிலர்!