கன்மலையை விடாத கொட்டலசு



மும்பையில் வாழும் ஒரு விசுவாசக் குடும்பத்தில் தகப்பனார் வேலையிழந்து வீட்டிலிருந்தார். மகள் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். ஒரு ஞாயிறு அதிகாலை, கடற்கரைப் பாறைகளில் அவளுக்குச் செய்முறைப் பாடம் இருந்தது.

“கர்த்தருடைய நாளில்தானா?” என்று தகப்பனார் கடிந்துகொண்டார்.

“அப்பா, கடல் வற்றும் வேளை நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அது வெகுதூரம் உள்வாங்கும். ஆராதனைக்கு வந்துவிடலாம்” என்றாள் மகள். அவர் மனமின்றியே உடன் சென்றார்.

அங்கே பாறையெங்கும் கொட்டலசு என்னும் சிற்றுயிர்களைக் கண்டார். இளம் பருவத்தில் நீரில் மிதந்து திரியும் அவை, தகுந்த பாறையைக் கண்டதும் தங்கள் உடலில் சுரக்கும் பசையால் ஒட்டிக்கொள்கின்றன. பின்பு இடம் மாறுவதில்லை. கடல் வற்றும்போது ஓட்டின் கதவுகளை மூடி, உள்ளே ஈரத்தைக் காத்துக்கொள்கின்றன. நீர் திரும்பியதும் கதவு திறந்து, இறகு போன்ற கால்களால் இரையை வாரிக்கொள்கின்றன. மகள் விளக்க விளக்க, அவர் அமைதியானார்.

அன்று இருவரும் ஈரக் கால்களோடு, சற்றுப் பிந்தியே சபைக்கு வந்தார்கள். சாட்சி வேளையில் தகப்பனார் எழுந்து, “வற்றிய கடல் திரும்பி வரும். அதுவரை நானும் என் கன்மலையை விடமாட்டேன். இதை என் மகளிடம் கற்றேன்” என்றார்.

பிரியமானவர்களே, சிருஷ்டிகரின் கைவேலையைப் பிள்ளைகள் படிக்க விரும்பினால் தடுக்காதிருங்கள். ஒருநாள் உடன் சென்று பாருங்கள். உங்களுக்கான பாடமும் அங்கே இருக்கக்கூடும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக!